ரைட்டர்ஸ் பிளாக்: தினமும் எதையாவது எழுதினா கதை வந்துடுமா?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். தலைப்புல 'ரைட்டர்ஸ் பிளாக் போக தினமும் என்ன பயிற்சி செய்யலாம்'னு கேட்டிருக்கீங்க (எழுத ஆசை இருந்தும் எழுத்து வராம நிக்கறதைத்தான் ரைட்டர்ஸ் பிளாக்னு சொல்றாங்க). ஆனா நடுவுல ஒரு வரி இருக்கு பாருங்க, லேப்டாப்பைத் திறந்து முதல் பாரா எழுதுறேன், அழிக்கிறேன், திரும்ப எழுதுறேன், அழிக்கிறேன், மூடி வச்சிடறேன், ரெண்டு வருஷமா இதே கதை, எல்லாரும் தினம் எதையாவது எழுதுன்னு சொல்றாங்க, அந்தக் குப்பையை எல்லாம் எழுதினா அது எப்படிங்க கதையாகும்னு. நிஜமான கேள்வி அதுதான்னு எனக்குப் படுது. பயிற்சி லிஸ்ட் தேடினா ஆயிரம் கிடைக்கும். அந்தப் பயிற்சியிலேர்ந்து கதைக்கு எப்படிப் போறதுன்னுதான் யாரும் சொல்றதில்ல.

நான் யாருன்னு சொல்லிடறேன். ஒரு வாரப் பத்திரிகையில ரொம்ப வருஷம் உதவி ஆசிரியரா இருந்தேன், தபால்ல வர்ற கதைகளைப் படிக்கிறது, திருத்துறது, தொடர்கதை எழுதறவங்க அடுத்த அத்தியாயம் தராம இழுத்தடிச்சா போன் மேல போன் போட்டு வாங்கறது, இதெல்லாம் என் வேலை. இப்போ லீவு நாள்ல புதுசா எழுதறவங்களோட சேர்ந்து உக்காந்து எழுதற ஒரு சின்ன குழு நடத்தறேன். டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

சுருக்கமா சொன்னா, தினமும் எழுதறது ஆரம்பிக்கிற பயத்தைக் குறைக்கும், இதை நான் தைரியமா சொல்வேன். கதையை அது எழுதித் தராது. டெய்லர் கடையில மெஷின்ல புது நூல் கோத்ததும் முதல்ல ஒரு வேஸ்ட் துணியில ஓட்டிப் பார்ப்பாங்க இல்லையா, அந்தத் துணி சட்டையாகாது, ஆனா அப்படி ஓட்டாம நேரா சட்டைத்துணியை வச்சா இழுத்துக்கும். நீங்க ரெண்டு வருஷமா நேரா சட்டைத்துணியையே வச்சுக்கிட்டிருக்கீங்க.

முதல்ல நீங்க எந்த இடத்துல நிக்கறீங்கன்னு பார்க்கணும். சிலருக்கு ஆரம்பமே வராது. சிலர் நடுவுல போய் மாட்டுவாங்க, அடுத்து என்ன நடக்கும்னு தெரியாது. சிலருக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும், அனுப்ப மாட்டாங்க, வருஷக்கணக்கா திருத்திக்கிட்டே இருப்பாங்க. மூணுக்கும் ஒரே பேரை வச்சிருக்கோம், ஆனா மூணும் வேற வேற வியாதி. நடுவுல மாட்டறவங்களுக்கு பெரும்பாலும் கதையைப் பத்தின யோசனைதான் பத்தலன்னு அர்த்தம், அவங்களுக்கு தினசரிப் பயிற்சி பெரிசா உதவி பண்ணாது, அவங்க கதாபாத்திரத்தைப் பத்தி இன்னும் தெரிஞ்சுக்கிட்டாதான் நகரும். நீங்க முதல் வகை. முதல் பாரா அழிக்கிற கேஸ். எங்க குழுவுக்கு வர்றவங்கள்ல அதிகமா பார்க்கிறதும் இதைத்தான், நல்லவேளையா தினசரி எழுத்து நல்லா வேலை செய்யறதும் இவங்ககிட்டதான்.

ஏன் அப்படின்னா, 1980-ல அமெரிக்காவுல மைக் ரோஸ்னு ஒரு ஆசிரியர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல, லாஸ் ஏஞ்சல்ஸ்ல, பத்து மாணவர்களை உக்கார வச்சுப் பேசினார். அஞ்சு பேர் எழுத முடியாம தவிக்கிறவங்க, அஞ்சு பேர் சரளமா எழுதறவங்க. தவிக்கிற அஞ்சு பேரும் மக்கு இல்ல, திறமையும் குறைச்சல் இல்ல. வித்தியாசம் எங்கன்னா, அவங்க தலைக்குள்ள இருந்த ரூல்ஸ் ரொம்ப கெட்டியா இருந்தது. ஆரம்பமே படிக்கிறவனைச் சுண்டி இழுக்கணும், ஒவ்வொரு வாக்கியமும் எழுதும்போதே பிழையில்லாம வந்துடணும், இந்த மாதிரி. ஒரு பொண்ணு முதல் பாராவுலயே மணிக்கணக்கா உக்காந்து எழுதி அழிச்சு எழுதி அழிச்சுக்கிட்டிருக்கும். உங்க வரியைப் படிச்சதும் எனக்கு அந்தப் பொண்ணுதான் ஞாபகம் வந்தது. சரளமா எழுதறவங்களுக்கும் ரூல்ஸ் இருந்தது, ஆனா 'முடிஞ்சா இப்படிச் செய், ஒத்துவரலன்னா விட்டுடு'ங்கிற அளவுலதான். பத்து பேரை வச்சு உலகத்துக்கே சட்டம் போட முடியாது, ஒத்துக்கறேன், அதுவும் அவங்க எழுதினது கல்லூரிக் கட்டுரை, கதை இல்ல. ஆனா நான் பார்த்த வரைக்கும் அச்சு அசலா பொருந்துது.

இதுல தமிழ்ல எழுதறவங்களுக்குன்னு ஒரு எக்ஸ்ட்ரா கஷ்டம் இருக்கு, இங்கிலீஷ் புத்தகங்கள்ல இதைப் பத்தி இருக்காது. நாம பேசறது ஒரு தமிழ், எழுதறது இன்னொரு தமிழ். குழுவுல ஒருத்தர் டீ பிரேக்ல அவங்க சித்தப்பா சொத்துத் தகராறை சொன்னார்னு வைங்க, எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டிருப்போம். சரி இதையே எழுதுங்கன்னு சொன்னா, 'அந்தி மயங்கும் அவ்வேளையில் அவர் தன் இல்லம் நோக்கி நடக்கலானார்'னு ஆரம்பிப்பார். ஆரம்பிச்சு ரெண்டாவது வரியில நின்னுடுவார். நிக்காம என்ன பண்ணுவார், அந்த மொழியில அவருக்கு சித்தப்பாவே இல்லையே. அவரைத் தெரிஞ்சது பேச்சு மொழியில. பள்ளிக்கூடத்துல கட்டுரை நோட்டுல சிவப்பு மை வாங்கினதுலேர்ந்து எழுத்துன்னா முறுக்கிக்கிட்டு நிக்கணும்னு ஒரு பழக்கம் ஆகிப்போச்சு. எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) கரிசக்காட்டுப் பேச்சையே எடுத்து வச்சு எவ்வளவு எழுதிட்டுப் போயிருக்கார், அப்புறமும் நமக்கு அந்த பயம் போகல. அதனால உங்களுக்கு முதல் யோசனை, முதல் பாராவை டைப் பண்ணாதீங்க. போன்ல வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணி உங்க தோழிகிட்ட சொல்ற மாதிரி கதையை சொல்லிடுங்க, அஞ்சு நிமிஷம் போதும். அப்புறம் கேட்டுக் கேட்டு அப்படியே எழுதுங்க, உம் கொட்டினது, இழுத்தது, எல்லாத்தோடயும். எழுத்து நடைக்கு மாத்தறதா வேண்டாமாங்கிறது பிறகு பார்த்துக்கலாம், பாதி வேளை மாத்தவே வேண்டியிருக்காது.

இப்போ தினமும் எழுதறது நிஜமா வேலை செய்யுமாங்கிற விஷயம். இதுல எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆராய்ச்சி ராபர்ட் பாய்ஸ்ங்கிற சைக்காலஜிஸ்ட் 1983-ல வெளியிட்டது. எழுத முடியாம கிடந்த 27 பேராசிரியர்களை மூணா பிரிச்சார். ஒரு பிரிவு, அவசரத் தேவைக்குத் தவிர எழுதவே கூடாது. ரெண்டாவது, மூடு வந்தா எழுதலாம். மூணாவது பிரிவு, மூடு இருக்கோ இல்லையோ தினசரி கணக்குப் படி எழுதியே ஆகணும், எழுதலன்னா அவங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு அமைப்புக்கு அவங்க காசு நன்கொடையா போயிடும் (இந்தத் தண்டனையை கண்டுபிடிச்ச ஆளை நான் எங்க ஆபீஸ்ல வேலைக்கு வச்சிருப்பேன்). கட்டாயத்துல எழுதினவங்க மூடு பார்த்து எழுதினவங்களை விட மூணு மடங்குக்கு மேல எழுதினாங்க, அது ஆச்சரியமில்ல. ஆச்சரியம் என்னன்னா புது யோசனைகளும் அவங்களுக்குத்தான் அதிகமா வந்தது, சராசரியா நாளைக்கு ஒண்ணு, மூடுக்குக் காத்திருந்தவங்களுக்கு ரெண்டு நாளைக்கு ஒண்ணு. அதாவது யோசனை வந்தப்புறம் எழுத உக்காரலாம்னு நாம நினைக்கிறது தலைகீழ், உக்காந்ததுக்கு அப்புறம்தான் அது வருது. இதோட குறையையும் சொல்லிடணும். ஆளுங்க கம்மி, எல்லாரும் பேராசிரியர்கள், யோசனை வந்துச்சுன்னு எழுதி வச்சதும் அவங்களேதான். தரம் கூடுச்சான்னு இதுலேர்ந்து சொல்ல முடியாது. என் அனுபவத்துலயும் அப்படித்தான், தினமும் எழுதறவங்க எழுதறது கூடுது, பயம் குறையுது, நல்லா எழுதறாங்களாங்கிறது அவங்க என்ன படிக்கிறாங்க, எப்படித் திருத்தறாங்கங்கிறதைப் பொறுத்தது.

தினமும்னா உடனே ஜெயமோகன் பேரை யாராவது எடுப்பாங்க. 2014 ஜனவரியிலேர்ந்து 2020 வரைக்கும் மகாபாரதத்தை தினம் ஒரு அத்தியாயமா இணையத்துல எழுதி 26 நாவலா முடிச்சார், உண்மைதான், ஆனா அதுக்கு முன்னாடியே அவர் பல வருஷம் எழுதித் தள்ளினவர், அதை நம்ம அளவுகோலா எடுத்துக்கிட்டா மனசு ஒடிஞ்சுதான் போகும். இன்னொரு பக்கம் சுந்தர ராமசாமியைப் பாருங்க, அறுபதுகளோட கடைசியில நிறுத்தி பல வருஷம் எதுவும் எழுதாம இருந்துட்டு எழுபதுகள்ல திரும்பி வந்தார், வந்தப்போ வேற மாதிரி எழுதினார். எழுதாம இருக்கிற காலம் எல்லாமே வியாதின்னு எடுத்துக்க வேண்டியதில்ல. ஆனா உங்க கேஸ்ல நீங்க சும்மா இருக்கல, தினமும் உக்காந்து அழிச்சிக்கிட்டிருக்கீங்க, அது வேற.

சரி, என்ன செய்யறது. முதல் ரெண்டு வாரம் பத்து நிமிஷம் மட்டும். நீங்க எழுத நினைச்ச கதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. போன்ல பத்து நிமிஷம் டைமர் வச்சுட்டு எழுத ஆரம்பிச்சா கை நிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, மேல போய் படிச்சுப் பார்க்கக் கூடாது. ஒண்ணுமே வரலையா, 'ஒண்ணும் வரல, பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுது, ஒண்ணும் வரல'ன்னே எழுதுங்க. பீட்டர் எல்போங்கிற அமெரிக்க ஆசிரியர் 1973-ல இதை எழுதி பிரபலமாக்கினார், அவர்கூட வாரத்துக்கு மூணு தடவையாவது செய்னுதான் சொன்னார், தினமும்னு இல்ல. இதோட பலன் நீங்க எழுதற வார்த்தையில இல்ல. எழுதற ஆளும் குறை சொல்ற ஆளும் உங்களுக்குள்ள ஒரே நேரத்துல பேனாவைப் பிடிச்சு இழுக்கறாங்க, குறை சொல்ற ஆளுக்கு அந்த பத்து நிமிஷம் வாயைத் திறக்க நேரம் கொடுக்காம ஓடறீங்க, அவ்வளவுதான். முதல் நாலஞ்சு நாள் படு கேவலமா இருக்கும். இருக்கட்டும்.

காலையில எழுந்ததுமே எழுதினாதான் பலன்னு நிறைய பேர் சொல்வாங்க, மூணு பக்கம் கையால எழுதணும்னு ஜூலியா கேமரன் 1992-ல எழுதினதுலேர்ந்து அது ஒரு வேதம் மாதிரி ஆயிடுச்சு. காலைதான் உசத்திங்கிறதுக்கு உறுதியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்ல. பல பேருக்கு உதவியிருக்கு, சந்தோஷம். ஆனா அஞ்சரைக்கு எழுந்து ரெண்டு லஞ்ச் பாக்ஸ் கட்டிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன்னு எழுதியிருக்கீங்க, உங்ககிட்ட போய் காலையில மூணு பக்கம்னு சொல்றவங்க சமையல்கட்டுப் பக்கமே போகாதவங்களா இருக்கணும். மதியம் சாப்பிட்டப்புறம் ஆபீஸ்ல பத்து நிமிஷம் கிடைச்சா அதுதான் உங்க நேரம். முடிஞ்ச வரைக்கும் ஒரே நேரம், ஒரே இடம், அது மட்டும் நிஜமா உதவும்.

மூணாவது வாரத்துலேர்ந்துதான் பாலம் கட்டற வேலை. கதையை இப்போ உள்ள கொண்டு வர்றோம், ஆனா வாசல் வழியா இல்ல. பத்து நிமிஷத்தோட தலைப்பை மட்டும் மாத்துங்க. ஒரு நாள், உங்க கதையில வர்ற அந்த மாமியார் மருமகளைப் பத்தி தன் அக்காகிட்ட போன்ல என்ன சொல்லும். இன்னொரு நாள், கதை நடக்கிற வீட்டுக்கு எதிர்ல இஸ்திரி போடறவர் என்ன பார்த்தார். இன்னொரு நாள், கதையில நீங்க எழுத மாட்டேன்னு முடிவு பண்ணின சம்பவம். ஜான் மெக்ஃபீங்கிற அமெரிக்க எழுத்தாளர் தன் மாணவர்களுக்கு ஒரு வழி சொல்வார், எழுத வரலன்னா 'அன்புள்ள அம்மா'ன்னு கடிதமா ஆரம்பி, என்ன எழுத நினைச்சே, ஏன் முடியலன்னு அம்மாகிட்ட புலம்பு, புலம்பும்போதே விஷயம் வந்துடும், அப்புறம் அந்த அம்மாவையும் புலம்பலையும் வெட்டிட்டு மிச்சத்தை வச்சுக்கோன்னு. எங்க குழுவுல இதை நான் அக்காவுக்கு அனுப்பற வாட்ஸ்அப் மெசேஜா மாத்திக்கிட்டேன், நல்லாவே ஓடுது.

டைமர் அடிச்சதும் அதுவரைக்கும் எழுதினதை இப்போ படிக்கலாம். படிச்சுட்டு, உசுரோட இருக்கற ஒரே ஒரு வரியை அடிக்கோடு போடுங்க. அழகான வரி இல்ல, நீங்க எதிர்பார்க்காம வந்த வரி. அடுத்த நாள் அந்த வரிதான் முதல் வரி, அதுலேர்ந்து பத்து நிமிஷம். இப்படி ஏழெட்டு நாள் ஓட்டினா கையில ஒரு பத்துப் பக்கம் இருக்கும், பாதி உளறல், ஆனா அதுல ஒரு காட்சியோ ரெண்டு காட்சியோ கண்டிப்பா கிடக்கும், அதை வெளிய எடுத்து புது ஃபைல்ல ஒட்டுங்க. உங்க கதை அங்கேர்ந்து ஆரம்பிக்குது. அந்தக் குப்பை கதையாகுமான்னு கேட்டீங்களே, மொத்தமும் ஆகாது, இந்த ஒரு வரி ரெண்டு வரி ஆகும், அதைத் தேடி எடுக்கிற வேலையைத்தான் சொல்லாம விட்டுடறாங்க.

முதல் பாராவைப் பத்தி ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். பத்திரிகையில இருந்தப்போ புது ஆளுங்களோட கதை கைக்கு வந்தா நாங்க முதல்ல செய்யற வேலை முதல் பாராவை விரலால மறைச்சுட்டு ரெண்டாவதுலேர்ந்து படிச்சுப் பார்க்கறது. பல கதைகள் அப்படியே நல்லா ஆயிடும். வெயிலைப் பத்தியும் வானத்தைப் பத்தியும் எழுதின அந்த ஏழெட்டு வரி, எழுதறவங்க தொண்டையைச் செருமிக்கிறதுதான். நீங்க ரெண்டு வருஷமா அழிச்சு அழிச்சு சரி பண்ண முயற்சி பண்ற அந்த பாரா, கடைசியில அச்சுல வரவே போறதில்லாத பாராவா இருக்கலாம். பேசாம ஒரு கோடு போட்டுட்டு ரெண்டாவது பாராவுலேர்ந்து எழுதுங்க. கதை முடிஞ்சப்புறம் தேவைப்பட்டா ஆரம்பத்தை எழுதிக்கலாம், அப்போ அது அரை மணி நேர வேலை.

கதைக்குள்ள போனப்புறம் ஹெமிங்வே சொன்ன ஒண்ணு ரொம்ப உதவும், அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சிருக்கும்போதே அன்னைக்கு நிறுத்திடறது. எல்லாத்தையும் கொட்டிட்டு எழுந்தா மறுநாள் வெறும் பக்கம் முன்னாடி உக்காரணும். வாக்கியத்தைப் பாதியில விட்டுட்டுப் போனாக்கூட தப்பில்ல.

நடுவுல நாள் தவறும், ஜுரம் வரும், கல்யாணம் வரும், மாசக் கடைசியில கணக்கு முடிக்கிற வேலை வரும். 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்றாங்களே, அதுக்கு ஆதாரம் கிடையாது, 1960-ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தன் புத்தகத்துல போற போக்குல சொன்னது ஊர் முழுக்க பரவிடுச்சு. லண்டன்ல பிலிப்பா லாலியும் அவங்க குழுவும் 96 பேரை வச்சு பார்த்த ஆராய்ச்சியில ஆளாளுக்கு 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் மாறுது, சராசரி 66. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரு நாள் விட்டா பழக்கம் உருவாகறது ஒண்ணும் கெட்டுப் போகலங்கிறது. அவங்க பார்த்தது பழம் சாப்பிடறது, தண்ணி குடிக்கிறது, நடக்கிறது மாதிரி பழக்கங்கள், எழுத்து அதை விடக் கஷ்டம்னு நினைக்கிறேன், அதனால 66-ஐயும் பிடிச்சுக்கிட்டுத் தொங்க வேண்டாம். விட்டுப்போன நாளுக்கு வட்டி போட்டு மறுநாள் இருபது நிமிஷம் எழுதறேன்னு மட்டும் உக்காராதீங்க, அதுலதான் நிறைய பேர் ஓடிப் போறாங்க.

அப்பா போனதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சுன்னு கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க. இங்க நான் ஜாக்கிரதையா பேசணும். ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கிற சைக்காலஜிஸ்ட் 1986-லேர்ந்து மனசுல கிடக்கிற வேதனையை தினம் பதினஞ்சு நிமிஷம், நாலு நாள் எழுதச் சொல்லிப் பார்த்தார், அதுக்கப்புறம் நூத்துக்கும் மேல ஆய்வுகள் வந்துடுச்சு, மொத்தத்துல பலன் இருக்கு ஆனா சின்னதுதான், எழுதின உடனே மனசு இன்னும் கனமாகறதும் உண்டு. கதை எழுதறதுக்கான வைத்தியமும் இல்ல அது. பத்து நிமிஷத்துல கை தானா அப்பாகிட்ட போனா போகட்டும், தடுக்காதீங்க, நீங்களா இழுத்துக்கிட்டும் போகாதீங்க. ஆனா எழுத்து மட்டுமில்ல, தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, முன்னாடி பிடிச்சது எதுவும் பிடிக்கலன்னு இருந்தா அது ரைட்டர்ஸ் பிளாக் இல்ல, நோட்டும் பேனாவும் அதைச் சரி பண்ணாது, தயவுசெஞ்சு ஒரு டாக்டரைப் பாருங்க. துக்கத்துல எழுத முடியலங்கிறதும் மனச்சோர்வுங்கிறதும் எங்க பிரியுதுன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல.

கையாலயா மொபைல்லயான்னு கேட்டிருந்தீங்க. எதுல வேகமா வருதோ அதுல. மொபைல்னா ஒண்ணு மட்டும், கீபோர்டுல வார்த்தை பரிந்துரைக்கிற செட்டிங்கை அணைச்சுடுங்க. 'ammaa'-ன்னு தட்டினா நாலு தமிழ் வார்த்தை மேல வந்து நிக்குமே, அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறதுக்குள்ள குறை சொல்ற ஆள் எட்டிப் பார்த்துடுவார். தமிழ் எழுத்தையே நேரா தட்டற தமிழ்99 கீபோர்டு முறையைக் கத்துக்கிட்டா இந்தத் தொல்லை கிடையாது, ஆனா அதைக் கத்துக்கறேன்னு எழுதறதை ஒத்திப்போடாதீங்க, அதுவரைக்கும் நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போதும்.

தினமும் எழுதறதை ஃபேஸ்புக்ல போடலாமா, அப்போ ஒரு கட்டாயம் வரும்லன்னு கேட்டீங்க. முதல் ரெண்டு மாசம் வேணாம். லைக் வருதான்னு பார்க்க ஆரம்பிச்சா அடுத்த நாள் பத்து நிமிஷம் லைக்குக்காக எழுதுவீங்க, திரும்ப முதல் பாராவை அழிக்கிற இடத்துக்கே வந்துடுவீங்க. கட்டாயம் வேணும்னா எழுதற தோழி ஒருத்தரோட பேசி வச்சுக்கிட்டு தினம் எழுதி முடிச்சதும் 'முடிச்சாச்சு'ன்னு ஒரு மெசேஜ், எழுதினதைக் காட்ட வேண்டாம். கதைன்னு ஒண்ணு முழுசா முடிஞ்சப்புறம் அதே தோழிக்கு அனுப்புங்க, நல்லாயிருக்கான்னு கேட்காதீங்க, எந்த இடத்துல படிக்கிறதை நிறுத்தத் தோணுச்சுன்னு கேளுங்க.